ஏரிக்கரையில் இரண்டு இரவு: படத்தைப் பார்த்து முன்பதிவு செய்யாதீர்கள்

2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார ஓய்வுநாள் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியது. பலருக்கு அது ஓர் அலுவலகச் செய்தி. எங்கள் குடும்பத்துக்கோ பெரிய விஷயம். 2014இலிருந்து பதினோரு ஆண்டுகள் நாங்கள் வெள்ளி, சனியில் வீட்டிலிருந்தோம். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனும் சிங்கப்பூரில் வேலை செய்யும் நாத்தனாரும் சனி, ஞாயிறில் வீட்டிலிருந்தார்கள். மூன்று குடும்பமும் ஓரிடத்தில் சேர்ந்து தூங்க வேண்டுமென்றால் தீபாவளி வர வேண்டும், இல்லையென்றால் கல்யாணமோ கருமாதியோ வர வேண்டும். இப்போது சாதாரண சனிக்கிழமையே போதும்.

ஆக, குடும்பப் புலனக் குழுவில் "எங்கேயாவது போவோமே" என்ற பேச்சு எழுந்தது. ஹோட்டல் வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஹோட்டலில் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்; பிள்ளைகள் கைப்பேசியோடு படுத்துவிடுவார்கள். அண்ணி ஒரு படத்தை அனுப்பினார். ஏரிக்கரையில் வெள்ளைக் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, மின்விசிறி, வாசலில் மஞ்சள் விளக்குச் சரம். கிளாம்பிங். கூடாரம் அடிக்கத் தெரியாதவர்களுக்கு, தரையில் படுக்க முடியாதவர்களுக்கு, ஆனாலும் காட்டுக் காற்றை விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

என் மாமியார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டில் வளர்ந்தவர். "நாங்க தினமும் இப்படித்தான் படுத்தோம். காசு குடுத்தா படுத்தோம்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவரே கேட்டார்: "தண்ணி பக்கத்துல இருக்கே, மழை பேஞ்சா மேல ஏறுமா? பின்னால அது என்ன, மேடா?"

அந்தப் படத்தை ஐந்து பேர் பார்த்துவிட்டோம். பின்னால் இருந்த மேட்டை அவர் ஒருவர்தான் கவனித்தார். என்னைக் கேட்டால், கிளாம்பிங் போகத் திட்டமிடும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியவை அந்த இரண்டு கேள்விகள்தான். கட்டில் எவ்வளவு பெரியது, ஏர்கோன் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு கவனம் என்று நினைப்பவர்கள் 2022 டிசம்பர் 16ஐ நினைத்துப் பாருங்கள். சிலாங்கூர், பத்தாங் காலியில், கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரப் பண்ணை ஒன்றின் முகாமில் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. பள்ளி விடுமுறைக் காலம். அதிகாலையில் மேலே சாலையோரத்திலிருந்து மண் சரிந்து கூடாரங்களை மூடியது. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த நிலத்தில் பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். படுத்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பலருக்குப் பழக்கமான இடம், நல்ல பெயர் உள்ள இடம்.

அதன்பின் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு, ஆறு, நீர்வீழ்ச்சி, மலைச்சரிவு ஓரங்களில் ஆபத்துள்ள முகாம்களை ஒரு வாரம் மூடச் சொன்னது. முகாம் தளங்களுக்கான திட்டமிடல் வழிகாட்டியும் வந்தது. முகாம் நடத்துபவருக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது இன்று யாருக்கும் புதிய செய்தியல்ல. ஆனாலும் முன்பதிவு செய்யும்போது அதைக் கேட்பவர்கள் எத்தனை பேர்? நாம் கேட்பதெல்லாம் "டிஸ்கவுண்ட் உண்டா" என்பதுதான்.

ஜொகூர் சமவெளி, இங்கே அப்படி நடக்காது என்று அண்ணன் சொன்னார். 2001 டிசம்பர் 27ஐ அவருக்கு நினைவுபடுத்தினேன். வாமேய் புயல். நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அது உருவாகி, தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அந்த மழையில் குனோங் பூலாய் அடிவாரத்தில் மண்ணும் மரமுமாகச் சரிந்து வந்ததில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி பட்டணமே அடுத்தடுத்து இரண்டு முறை மூழ்கியதை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் ஊர் ஏரி எப்படிப்பட்டது?

தீபகற்ப மலேசியாவில் பெயர் சொல்லும்படியான இயற்கை நன்னீர் ஏரிகள் பெராவும் சினியும். இரண்டும் பகாங்கில் இருக்கின்றன. ஜொகூரில் விளம்பரங்களில் 'தாசேக்' என்று வருபவை பெரும்பாலும் மனிதன் உண்டாக்கியவை. செம்புரோங், மாச்சாப், பெக்கோக் போன்றவை வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீருக்காகவும் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். இன்னொரு வகை, மணலோ கல்லோ தாதுவோ தோண்டி எடுத்துக் கைவிட்ட குழிகளில் மழைநீர் நிரம்பியவை. மூன்றாவது, பண்ணைக்காரர் மீன் வளர்க்க வெட்டிய குளம். கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி இருக்கும் இடத்துக்கு லொம்போங் என்று பெயர். மலாயில் லொம்போங் என்றால் சுரங்கம். ஊர்ப் பெயரே கதை சொல்கிறது, நாம்தான் காது கொடுப்பதில்லை.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக அல்ல. இயற்கை ஏரியின் கரை பெரும்பாலும் மெல்லச் சரிந்து இறங்கும். பிள்ளை நாலடி போனாலும் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கலாம். தோண்டிய குழியின் கரை சுவர் போல இருக்கும். இரண்டடி வரை கணுக்கால், மூன்றாவது அடியில் தரையே இல்லை. அடியில் சேறு காலைப் பிடிக்கும், ஆழத்தில் நீர் சில்லென்று இருக்கும். மேலே பார்த்தால் அழகான நீலம், ஓர் அலைகூட இருக்காது. அணையின் தேக்கத்தில் வேறு சிக்கல்: மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே நீர்மட்டம் ஏறும். குடிநீருக்கான தேக்கமென்றால் இறங்கிக் குளிக்க அனுமதியே இல்லாமல் போகலாம். ஏரிக்குள் ஓடை வந்து விழும் இடத்தில் கூடாரம் என்றால், மலைப்பகுதியில் மழை பெய்து திடீரென்று பாயும் 'கெபாலா ஆயர்' பற்றியும் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கெடா, குனோங் ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைப் பறித்தது அதுதான்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. 2010இல் பகாங், மாரான் பக்கத்தில் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடும் பணி நடந்தது. அதன்பின் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸும் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். இதற்குப் பயந்து ஏரிப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லவில்லை. காலில் வெட்டுக்காயம், புண் இருப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தைத் திறந்து வைக்காதீர்கள், எலி வரும். வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், "ஏரியில் குளித்தோம்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நீர் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எப்போது போவது?

எங்கள் முதல் எண்ணம் டிசம்பர். பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை, பெரியவர்களுக்கு மிச்சமிருக்கும் லீவு. ஆனால் வடகிழக்குப் பருவமழை நவம்பர் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். டிசம்பரும் ஜனவரியும் ஜொகூருக்கு மிகக் கனமான மாதங்கள். மெர்சிங், கோத்தா திங்கி, குளுவாங், சிகாமட் எல்லாமே அப்போது பயந்துதான் இருக்கும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா பகுதியையே பருவமழைக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். அரசுப் பூங்காவே கதவைச் சாத்தும் மாதத்தில் தனியார் முகாம் விளம்பரம் போடுகிறது என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரும். திறந்த ஏரிக்கரையில் இரும்புக் கம்பி நட்ட கூடாரத்துக்குள் மின்னலுக்குக் காத்திருப்பது நல்ல அனுபவமல்ல. ஜூன், ஜூலை ஓரளவு வறண்டது. ஆனால் அப்போது மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்றைக் கவனிக்க வேண்டும். அது விடியற்காலையில், எல்லாரும் அயர்ந்து தூங்கும் நேரத்தில் வரும். கயிறு தளர்ந்த கூடாரம் என்றால் துணியோடு பறக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சில ஆண்டுகள் புகைமூட்டம். 2015ஐயும் 2019ஐயும் ஆஸ்துமா பிள்ளை வைத்திருப்பவர்கள் மறக்கவில்லை. முற்றிலும் பாதுகாப்பான மாதம் ஜொகூரில் இல்லை. இருப்பதில் நல்லது ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறை. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து வானிலை ஆய்வுத் துறையின் 'மைச்சுவாச்சா' செயலியைப் பாருங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 'இன்போபாஞ்சிர்' பக்கத்தில் ஆற்று நீர்மட்டம் தெரியும். எச்சரிக்கை வந்தால் முன்பணம் போனாலும் போகட்டும்.

மூன்று இடங்களுக்குப் போன் அடித்தேன்

மூவரிடமும் ஒரே கேள்விகள். முகாம் நடத்த மாவட்ட மன்றத்தின் உரிமம் இருக்கிறதா? கூடாரத்துக்குப் பின்னால் மேடு எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்? கடந்த பருவமழையில் தண்ணீர் எதுவரை வந்தது? இரவில் உங்கள் ஆள் தளத்திலேயே தங்குவாரா? லைஃப் ஜாக்கெட் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா?

முதல் இடத்திலிருந்து பதிலாக எட்டுப் படங்களும் விலைப் பட்டியலும் வந்தன. கேள்விகளை மறுபடி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. இரண்டாவது இடத்துக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். பண்ணைக்கு லைசென்ஸ் உண்டு, முகாமுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், நடந்துகொண்டிருக்கிறது என்றார். பத்தாங் காலிக்குப் பிறகு அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு என்னால் பணம் கட்ட முடியவில்லை. அவர் பொய் சொல்லாமல் சொன்னாரே என்று நன்றி சொல்லி வைத்தேன்.

மூன்றாவது, குளுவாங் மாவட்டத்தில் ஒரு சிறிய இடம். எடுத்தது ஒரு மலாய் அக்கா. உரிம எண்ணைச் சொன்னார், படத்தை அனுப்புகிறேன் என்றார். டிசம்பர் என்றதும் நிறுத்தினார். "டிசம்பரில் வராதீர்கள். போன தடவை தண்ணீர் மூன்றாவது கூடாரத்தின் படிக்கட்டு வரை வந்தது. அந்த மாதம் கீழ் வரிசையை நாங்களே மூடிவிடுவோம்" என்றார். வரும் வாடிக்கையாளரைத் தடுத்து நிறுத்திய அந்த வாய்மொழிக்காகவே அவரிடம் பதிவு செய்தேன். ஜூன் மாதம், மேல் வரிசை, இரண்டு பெரிய கூடாரம், ஒரு மர வீடு, பதினோரு பேர், இரண்டு இரவு. படத்தில் பார்த்த தண்ணீரோரக் கூடாரம் இல்லையே என்று அண்ணிக்குக் கொஞ்சம் வருத்தம். ஐம்பதடி நடந்தால் தண்ணீர், அவ்வளவுதான்.

மர வீடு மாமியாருக்காக. அதை எடுத்தது கௌரவத்துக்காக அல்ல, கழிவறைக்காக. மூட்டுவலி உள்ள எழுபது வயதுக்காரருக்கு உட்காரும் கழிவறை, இரவில் விளக்கு எரியும் பாதை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இந்த மூன்றும் இல்லாத இடம் எவ்வளவு அழகானாலும் அவருக்கு அது தண்டனை. அவரே வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இரவில் தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். நாம்தான் கேட்டு வைக்க வேண்டும்.

சமையல் விஷயத்தில் நம் ஆட்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தாலும் சில. மசாலா தடவிய கோழியை உறைய வைத்து எடுத்துப் போனால் பெட்டிக்குள் அதுவே ஐஸ்கட்டி வேலை செய்யும். பல முகாம்களில் பன்றி இறைச்சிக்கும் மதுவுக்கும் அனுமதி இல்லை. கூட வருகிற நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் முகம் சுளிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு சைவம் என்பதால் எங்களுக்கு முதல் நாள் ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு. மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைத்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் விசாரிக்க வரும்.

கரி அடுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். காஸ் அடுப்புக்கும் இதே விதி. மழை பெய்தால் ரொட்டியும் சார்டினும் சாப்பிட்டுப் படுங்கள்.

பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம். அரை மணிக்கு ஒரு பெரியவர், முறை வைத்து, கையில் கைப்பேசி இல்லாமல். "எல்லாரும்தான் இருக்கிறோமே" என்று நினைக்கும் நேரத்தில்தான் யாருமே பார்ப்பதில்லை. சினிமாவில் வருவது போல மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கத்தாது. சத்தமில்லாமல் கீழே போய்விடும். காற்றடித்த வாத்தும் டயரும் விளையாட்டுப் பொருள்கள், லைஃப் ஜாக்கெட் ஆகாது. முகாமில் இருப்பது பெரியவர்கள் அளவில்தான் என்று அந்த அக்கா சொன்னதால், சின்னவன்கள் இருவருக்கும் சொந்தமாக வாங்கிவிட்டோம்.

கல்யாணமாகாத இளையோர் நாலு பேர் சேர்ந்து போகும்போது இதெல்லாம் அதிகப்படி என்று தோன்றலாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம், முகாமின் எண் என்ன என்பதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏரிப்பக்கம் பல இடங்களில் கைப்பேசிக் கோடு ஒன்றுகூட வராது. எந்த நிறுவனத்தின் அலைவரிசை அங்கே எடுக்கும் என்று கேட்டுக்கொள்வது 999க்கு அழைக்க வேண்டி வந்தால் உதவும். அங்கிருந்தே மடிக்கணினியில் வேலை பார்க்கலாம் என்ற கனவையும் அந்த ஒரு கேள்வி கலைத்துவிடும். நல்லதுதான்.

சிங்கப்பூர் உறவினர்கள் சொந்தக் காரில் வந்தால், வாகன நுழைவு அனுமதியான விஇபி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத காருக்கு 300 வெள்ளி அபராதம். நாத்தனார் வீட்டில் அதைச் செய்து முடித்துவிட்டார்கள். கஹாங், மெர்சிங் பக்கம் போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள். அந்தச் சாலைகளில் யானை கடக்கும் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. வழியில் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக் கடையில் பசியாறலாம். 1938இலிருந்து இருக்கும் கடை, ரொட்டி பாக்கார் தீர்வதற்குள் போய்விட வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன் எல்லாரும் ஒரு சுற்று நடப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். பிள்ளைகளும்தான். மேடு எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம், இரவில் ஓட வேண்டி வந்தால் எந்த வழி, எங்கே கூடுவது என்று பகலிலேயே காலால் நடந்து பார்க்க வேண்டும். டார்ச் லைட்டுகளை ஆளுக்கொன்றாகத் தலைமாட்டில் வைப்போம். மூன்று கார்களும் வெளியே போகும் திசை பார்த்து நிற்கும். சாவி மூன்றும் மர வீட்டு வாசலில், மாமியார் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கும். இரவில் முதலில் விழிப்பவர் அவர்தான்.